அக்கா, தங்கை, பத்தொன்பதாவது வாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வாடகைத்தாய் வயிற்றில் வளரும் பிள்ளைக்குக் குறை தெரிந்தால் முடிவு யாருடையது என்பதுதான் இங்கே கேள்வி. இதில் வரும் குடும்பம், ஆலோசகர்களும் செவிலியர்களும் உட்கார்ந்து விவாதிப்பதற்காக நான் அமைத்தது. எந்த ஒரு வீட்டையும் குறிப்பதல்ல. சட்டப் பிரிவுகளும் மருத்துவ விவரங்களும் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன. நிகழ்வைச் செட்டிநாட்டில், சொந்தத்துக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. வாடகைத்தாய் தகராறு என்றாலே ஒப்பந்தம், ஏஜென்சி, லட்சக்கணக்கில் பணம் என்றுதான் நினைக்கிறோம். பணம் கொடுத்துச் சுமக்க வைப்பதைச் சட்டம் தடுத்த பிறகு, சுமப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருக்கிறார். அந்த வீட்டில் தகராறு வந்தால் அதன் முகமே வேறு.

குடும்பம்

அக்காவுக்கு 41 வயது. கணவருக்கு 46, காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கருப்பையில் கட்டிகள் பெருத்து, உதிரப்போக்கு எதற்கும் நிற்காமல், 37-ஆவது வயதில் அக்காவுக்குக் கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. சினைப்பைகளை விட்டுவைத்தார்கள். ஆகவே முட்டை அவருடையது, விந்து கணவருடையது, சுமக்க மட்டும் ஒருவர் வேண்டும் என்ற நிலை. 2021-ஆம் ஆண்டின் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகள் ஏற்கும் காரணங்களில் கருப்பை அகற்றப்பட்டதும் ஒன்று.

பிள்ளை கூட்டிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவது பழைய வழக்கம். பங்காளி வீட்டுப் பையனை, ஊரறியச் சடங்கு செய்து, தன் வீட்டுக்கு வாரிசாக்கிக் கொள்வார்கள். இந்தக் குடும்பம் நகரத்தார் குடும்பம் இல்லை என்றாலும் அந்தப் பேச்சு இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் புழங்கும். அந்த முறையில் எடுக்கிறவர்கள் பிள்ளையைப் பார்த்த பிறகு எடுக்கிறார்கள். வாடகைத்தாய் முறையில், இன்னும் உருவாகாத பிள்ளைக்கு, எப்படிப் பிறந்தாலும் எங்களுடையதுதான் என்று முன்கூட்டியே பொறுப்பேற்கிறார்கள். கையெழுத்துப் போடும்போது அந்த ‘எப்படிப் பிறந்தாலும்’ யார் காதிலும் விழுவதில்லை.

தங்கை, கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பா மகள். வயது 31. புதுவயலில் இருக்கிறாள். 9 வயதில் ஒன்று, 6 வயதில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். இரண்டாவது சிசேரியன். அவள் கணவர் அரிசி ஆலைகளுக்குச் சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். வண்டி வாங்க முன்பணம் ஒன்றரை லட்சத்தைச் சகலையிடம், அதாவது அக்கா கணவரிடம், கைமாற்றாக வாங்கியிருந்தார். அந்தக் கடனுக்கும் பிள்ளை சுமப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று இரண்டு பக்கமும் அடித்துச் சொன்னார்கள். சம்பந்தம் இருக்கவும் கூடாது. மருத்துவச் செலவு, விதிகளில் சொன்ன பிற செலவுகள், காப்பீடு ஆகியவை தவிரச் சுமப்பவருக்கு வேறு எதுவும் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பேச்சை முடித்து வைத்தது இருவருக்கும் பொதுவான அப்பத்தா. “வெளியாளு எதுக்குத்தா? நம்ம புள்ள நம்ம வயித்துலயே வளரட்டும்.” தங்கை சரி என்றாள். அக்கா மேல் அவளுக்கு உண்மையிலேயே பாசம் உண்டு, படிக்கும்போது மூன்று வருடம் அக்கா வீட்டில் தங்கித்தான் படித்தாள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடன்பட்ட மனது என்பது பணத்தால் மட்டும் வருவதில்லை.

காகிதங்கள் ஒழுங்காகவே இருந்தன. மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று, பிள்ளையின் பெற்றோர் யார் என்பதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு, சுமப்பவருக்கு 36 மாதக் காப்பீடு, ஒப்புதல் படிவம் எல்லாம் இருந்தன. கூடவே யாரும் கேட்காத இன்னொன்றும் இருந்தது. பத்திரம் எழுதுகிறவரைப் பிடித்து, முத்திரைத் தாளில், “கருவில் ஏதேனும் குறை தெரியவரும் பட்சத்தில் பிள்ளைக்கு உரியவர்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுவேன்” என்று தங்கையிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். எழுதி வாங்கச் சொன்னது அக்காவின் மாமியார். தங்கை படித்துப் பார்க்காமல் போட்டாள். சொந்தத்துக்குள் படித்துப் பார்த்தால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்று பயந்தாள்.

கருவை வைப்பதற்கு முன்பே குரோமோசோம் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருப்பதாக மதுரைக் கருத்தரிப்பு மையத்தில் சொன்னார்கள். செலவு கூடும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு கருவைத்தான் வைத்தார்கள், முதல் தடவையே நின்றது.

ரிசல்ட் யாருக்குப் போனது

12-ஆவது வாரத்தில் எடுத்த என்டி ஸ்கேனில் பிடரிப் பக்கம் நீர்க்கோப்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. 3.5-க்கு மேல் போனாலே மருத்துவர்கள் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனையும் அபாயம் அதிகம் என்று சொன்னது. 16-ஆவது வாரத்தில் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்தார்கள்.

தங்கைக்கு ஒரு குழப்பம். “எனக்கு முப்பத்தொண்ணுதானே ஆகுது, வயசானவுகளுக்குத்தானே இப்படி வரும்னாக?” வயது பார்க்க வேண்டியது முட்டைக்கு, சுமக்கும் வயிற்றுக்கு அல்ல. 25 வயதுப் பெண்ணின் முட்டையில் டவுன் சிண்ட்ரோம் என்னும் குரோமோசோம் குறைக்கான வாய்ப்பு ஏறக்குறைய 1,200-க்கு ஒன்று. 40-இல் 100-க்கு ஒன்று, 45-இல் 30-க்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும். இதை அவளுக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. சொல்லாததால், தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று கொஞ்ச நாள் மனதுக்குள் வைத்து மருகினாள்.

பனிக்குட நீரின் முதல்கட்ட முடிவு நான்கே நாளில் வந்துவிட்டது. 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று, அதாவது டவுன் சிண்ட்ரோம். அந்த முடிவு அக்கா கணவரின் வாட்ஸ்அப்புக்குப் போனது. பில் கட்டியவர் அவர், பதிவில் இருந்த எண் அவருடையது, மையத்தில் இருந்தவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் அக்காவும் கணவரும் மதுரை, திருச்சி என்று வேறு மருத்துவர்களைப் பார்த்தார்கள். தங்கை போன் செய்து கேட்டபோதெல்லாம் “இன்னும் ரிசல்ட் வரலத்தா” என்றார்கள். பயமுறுத்த வேண்டாம் என்ற எண்ணம்தான், வஞ்சகம் எதுவும் இல்லை. ஆனால் 19-ஆவது வாரம் தொடங்கும்போது, வயிற்றுப் பிள்ளையின் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன் அறையில் படுத்திருக்கையில்தான் தங்கைக்கு விஷயம் தெரிந்தது. கணினியைப் பார்த்தபடியே மருத்துவர், அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, “டவுன்ல இந்த மாதிரி ஓட்டை வர்றது சகஜம்தான்” என்றார். இதயத்தின் நான்கு அறைகளும் சேரும் நடுப்பகுதி சரியாகப் பிரியாத ஏவி கால்வாய்க் குறை அது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் இதயக்குறை இருக்கும், அதில் இது முக்கியமானது. பிறந்து ஆறு மாதத்துக்குள் அறுவை செய்ய வேண்டி வரும்.

என் கணக்கில், தகராறு இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பரிசோதனையில் நோயாளி தங்கைதான். ஊசி ஏறியது அவள் வயிற்றில். முடிவை முதலில் அறியும் உரிமை அவளுக்கு இருந்தது. இரண்டு வாரம் அவளுக்குத் தெரியாமல் அவள் வயிற்றைப் பற்றி நான்கு பேர் முடிவெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன எதையும் அவளால் ஆலோசனையாகக் கேட்க முடியவில்லை. எல்லாமே உத்தரவாகத்தான் கேட்டது.

அந்தச் சாயங்காலம்

காரைக்குடியில் பிரசவ மருத்துவரின் அறை. 19 வாரம் 2 நாள். அக்கா, கணவர், தங்கை, அவள் கணவர் என நான்கு பேர், நாற்காலி மூன்று. தங்கையின் கணவர் கதவோரம் நின்றார்.

அக்கா கணவர் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார். முத்திரைத் தாள் மேலேயே இருந்தது. “இருபது வாரம் முடியறதுக்குள்ள செஞ்சிரணும்னு சொன்னாக டாக்டர். நாங்க எங்க கையெழுத்துப் போடணும்?” மருத்துவர் கருக்கலைப்புச் சட்டப்படியான ஒப்புதல் படிவத்தை எடுத்து மேசையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். கர்ப்பிணியின் பெயர், வயது, முகவரி, கையெழுத்து. அவ்வளவுதான். கணவருக்குக்கூட அதில் இடமில்லை. அக்கா கணவர் அந்தத் தாளைப் பின்பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

மருத்துவர் தங்கையைப் பார்த்து, “நீ சொல்லும்மா” என்றார்.

“வேணாம் மேடம்.”

அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது எதிர்பாராத பதில். அக்காதான் முதலில் பேசினாள். “நீ பெத்துக் குடுத்துட்டுப் போயிருவ. அதுக்கப்புறம் வாழ்நாள் பூராவும் நான்ல பாக்கணும். எனக்கு எழுபது வயசாகும்போது அதுக்கு இருபத்தெட்டு. அப்ப யாரு பாப்பாக?”

“தெரியும்க்கா. நீதான் பாக்கணும்னு தெரியும். ஆனா இன்னைக்கு இந்த மேசையில படுக்கப் போறது நான்.”

பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்கு வருடம் முன்பு மூன்றாவதாக நின்றதைக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் கலைத்தார்கள். மூன்று வாரம் உதிரம் நிற்கவில்லை. “அப்ப எங்கிட்ட யாரும் கேக்கல. இப்பக் கேக்குறீங்க. கேட்டதுனால சொல்றேன்.”

வகுப்பில் இந்த இடத்தில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். தங்கை கருக்கலைப்பையே பாவம் என்று நினைக்கிறவள், அல்லது வயிற்றுப் பிள்ளை மேல் தாய்ப்பாசம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவள் இரண்டையும் சொல்லவில்லை. தன் உடம்பில் ஒருமுறை தன்னைக் கேட்காமல் நடந்த காரியம் மறுபடி நடக்க வேண்டாம் என்கிறாள். 20 வாரத்தில் கலைப்பது என்றால் மாத்திரை கொடுத்து, வலி வரவழைத்து, பிரசவத்தைப் போலவே வெளியேற்றுவது. ஏற்கெனவே சிசேரியன் செய்த கருப்பையில் தழும்பு பிரியும் அபாயம், சிறிய அளவிலாவது, உண்டு. சுமந்து பெறுவதிலும் அபாயம் உண்டு என்பது சரிதான். இரண்டு அபாயத்தில் எதை ஏற்பது என்பதை அந்த உடம்புக்காரிதான் சொல்ல முடியும். அவள் காரணம் நமக்குச் சரியாகப் படவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

முதலில் 20 வாரம். அது அவர்கள் நினைத்ததுபோல் சுவர் அல்ல. கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது, 2021-இல் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட பிரிவினருக்கு, இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். பிள்ளைக்குக் கடுமையான குறைபாடு இருப்பதும் அந்தப் பிரிவுகளில் ஒன்று. 24-ஐத் தாண்டினால் மருத்துவ வாரியம். மூன்று கட்டத்திலும் மாறாத ஒன்று, கர்ப்பிணியின் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்பது. சிறுமியாகவோ மனநலம் குன்றியவராகவோ இருந்தால் மட்டும் பாதுகாவலர் வருவார்.

வாடகைத்தாய்ச் சட்டம் இதற்கு மேல் இரண்டு பூட்டுகள் போடுகிறது. 3-ஆவது பிரிவின்படி சுமப்பவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும், இந்தச் சட்டத்தின்கீழ் அரசு அமைக்கும் உரிய அதிகார அமைப்பின் அனுமதியும் வேண்டும். 10-ஆவது பிரிவு, கலைக்கும்படி அவரை யாரும் எந்தக் கட்டத்திலும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. பிள்ளைக்கு உரியவர்களின் சம்மதம் வேண்டும் என்று எங்கேயும் இல்லை, அவர்கள் கேட்டால் செய்யலாம் என்றும் இல்லை. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பதற்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ஆவது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு.

ஆகவே அந்த முத்திரைத் தாள்? வெறும் தாள். சட்டம் தடுப்பதைச் செய்வதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23-ஆவது பிரிவின்படி செல்லாது. ஆனால் நீதிமன்றத்தில் செல்லாத தாள் வீட்டுக்குள் நன்றாகவே செல்லும். “எழுதிக் குடுத்தவதானே” என்ற ஒரு சொல் போதும். இப்படிப்பட்ட தாளை எழுதித் தருகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. தெரிந்தே எழுதுகிறார்கள்.

மறுபக்கம் 7-ஆவது பிரிவு. மரபணுக் குறை, பிறவிக் குறை, பின்னால் தெரியவரும் குறை, ஆணா பெண்ணா என்பது, ஒன்றுக்கு மேல் பிறப்பது என்று எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் கைவிடக் கூடாது என்று பட்டியலே போட்டுச் சொல்கிறது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். 8-ஆவது பிரிவின்படி பிறப்பது அந்தத் தம்பதியின் சொந்தப் பிள்ளை, எல்லா உரிமையோடும். இந்தப் பட்டியலைப் போட்டவர்கள் நம் ஊரை நன்றாகத் தெரிந்தவர்கள். கருவைக் கலைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற மாமியார்கூட, “ஆம்பளப் புள்ளையான்னு மட்டும் கேட்டுச் சொல்லு” என்று இரண்டு தடவை மகனிடம் கேட்டார்.

அக்காவின் பக்கம்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருப்பதால் அக்காவைக் கல்நெஞ்சுக்காரி ஆக்கிவிடுவது சுலபம். அது நியாயமில்லை. இதே பிள்ளை அவள் வயிற்றில் வளர்ந்திருந்தால் முடிவு முழுக்க அவளுடையதாக இருந்திருக்கும். இதே குறைக்காக அவள் கலைத்திருந்தால், சட்டப்படி செய்த பெண்ணை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். கருப்பை இல்லாததால் அந்த வாய்ப்பு அவளிடமிருந்து போய்விட்டது. சுமப்பவள் நான்கு மாதத்தில் வீடு திரும்புவாள். வளர்ப்பவள் வாழ்நாள் முழுக்க. முடிவெடுப்பவர் ஒருவர், அந்த முடிவோடு வாழ்பவர் இன்னொருவர் என்ற இந்தக் கோணல் வாடகைத்தாய் முறையோடே பிறந்தது. அதைச் சட்டத்தால் நேர்ப்படுத்த முடியாது.

ஆனாலும் அதைக் கொண்டு அக்காவுக்கு ஓர் ஓட்டுக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அதன் பொருள், ஒரு பெண்ணை அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேசையில் படுக்க வைப்பது. நடுவில் நிற்க இடமே இல்லாத தகராறு இது. பாதி கலைப்பது என்று ஒன்று கிடையாது. ஆகவே யாராவது ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும், அக்காதான் தோற்க வேண்டும். தோற்பவர் அழ இடம் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் இந்த மாதிரி மையங்களில் மறந்துவிடுகிறார்கள். அக்காவுக்கென்று தனியாக ஓர் ஆலோசகர் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

அவள் கையில் இருந்த தகவலும் பாதிதான். டவுன் சிண்ட்ரோம் பற்றி அவள் தேடிப் படித்ததில் பயமுறுத்துவதுதான் கிடைத்தது. அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயது, இப்போது 60-ஐத் தொடுகிறது. இதய அறுவைதான் அதற்குப் பெரிய காரணம். பிள்ளை பேசுமா, பள்ளிக்கூடம் போகுமா என்பதெல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், வயிற்றில் இருக்கும்போது சொல்ல முடியாது. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. இவற்றைச் சொன்னால் அவள் மனம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நியாயம் இருக்கிறது.

மூன்று பேர் சேர்ந்து கேட்டால்

அடுத்த ஐந்து நாளில் நடந்ததுதான் இந்த நிகழ்வின் நடுப்பகுதி. அக்கா கணவர் கெட்டவர் இல்லை, சகலையிடம் கடனைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. தங்கையின் கணவர் தானாகவே, “அவுக மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்” என்றார். அப்பத்தா போன் செய்தார். “உனக்கு ரெண்டு புள்ள நல்லா இருக்குல்ல. அவளுக்கு நீ செய்யற ஒண்ணையாவது நல்லாச் செய்யி.” பெரியப்பா வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு எடுத்து வைத்திருந்த கண்டாங்கிச் சேலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதில் எது வற்புறுத்தல்? தனித்தனியாக எடுத்தால் எதுவுமே இல்லை. ஒரு பாட்டி பேத்திக்குச் சொன்ன புத்தி, ஒரு கணவனின் சங்கடம். சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண்ணைச் சுற்றி வழியே இல்லாமல் அடைத்துவிட்டார்கள். கூலிக்குச் சுமப்பவள் என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். அப்பத்தாவை எப்படி முறிப்பது? “நம்ம வயிறு” என்று அவர் சொன்னது பாசமாகத்தான். ஆனால் வயிறு குடும்பச் சொத்து ஆகிவிட்டால் அதை யாருக்கு வேண்டுமானாலும் பாகம் பிரிக்கலாம் என்றாகிவிடும்.

ஆறாம் நாள் தங்கை தனியாக, கணவர் இல்லாமல், மருத்துவரிடம் வந்து “சரிங்க மேடம், செஞ்சிருங்க” என்றாள். மருத்துவர் செய்தது எளிய காரியம், ஆனால் அரிது. உடனே படிவத்தை எடுக்கவில்லை. “யாருக்காகச் செய்யணும்?” என்று கேட்டார். “எல்லாருக்கும்.” “உனக்கு?” தங்கை பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார், அதுவரை அவளிடம் இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று அக்கா கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். சம்மதம் வந்தாலும் அதிகார அமைப்பின் அனுமதி இல்லாமல் தொட முடியாது, வற்புறுத்தி வாங்கியது என்று தெரிந்தால் சிக்கல் எல்லோருக்கும் என்றும் சொன்னார். அந்த அனுமதி எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்று 3-ஆவது பிரிவு சொல்லவில்லை. வாரக்கணக்கில் ஓடும் விஷயத்தில் அது பெரிய ஓட்டை. உண்மையாகவே கலைக்க விரும்பும் பெண்ணை அது வதைக்கும். இங்கே மட்டும் அது மூச்சு விட நேரம் கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து தங்கை மறுபடி “வேணாம்” என்றாள். மருத்துவர் அதை அவள் சொன்னபடியே கேஸ் ஷீட்டில் எழுதினார். அதன்பிறகு அந்தப் பேச்சு முடிந்தது.

வெளியே நடந்தவை

வெளிநாட்டு நிகழ்வுகள் இரண்டை வகுப்பில் எப்போதும் கேட்பார்கள். 2012-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், வயிற்றுப் பிள்ளைக்குக் குறை தெரிந்ததும், சுமந்த பெண்ணுக்குக் கலைப்பதற்காக 10,000 டாலர் தருவதாகப் பிள்ளைக்கு உரியவர்கள் சொன்னார்கள். அவள் மறுத்து, வாடகைத்தாய் ஒப்பந்தத்தை அப்போது ஏற்காதிருந்த மிச்சிகன் மாநிலத்துக்குப் போய்ப் பெற்றாள். அங்கே அப்போது பெற்றவளே சட்டப்படி தாய். பிள்ளையைப் பிறகு வேறு குடும்பம் தத்தெடுத்தது. நம் சட்டத்தில் அந்த வாசல் இல்லை. எங்கே போய்ப் பெற்றாலும் பிள்ளை அக்காவுடையதுதான்.

2013 கடைசியில் தாய்லாந்தில் ஒரு வாடகைத்தாய்க்குப் பிறந்த இரட்டையரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் அங்கேயே தங்க, சகோதரியை மட்டும் ஆஸ்திரேலியத் தம்பதி எடுத்துச் சென்றார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று 2014-இல் உலகம் முழுக்கப் பேச்சு. 2016-இல் மேற்கு ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றம் விசாரித்து, அவர்கள் அவனைக் கைவிடவில்லை, சுமந்த பெண்ணே அவனை வைத்துக்கொள்ள விரும்பினாள் என்று முடிவு சொன்னது. முதல் பேச்சு பரவிய அளவு அந்தத் தீர்ப்பு பரவவில்லை. இந்த நிகழ்வுகளில் யார் வில்லன் என்று சீக்கிரம் முடிவு கட்டுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

என்ன ஆனது

38-ஆவது வாரத்தில் சிசேரியன். பெண் பிள்ளை, 2.4 கிலோ. நீதிமன்ற உத்தரவு இருந்ததால் பிறப்புச் சான்றில் பெயர் பதிவதில் சிக்கல் இல்லை. அக்கா மூன்றாம் நாள்தான் பிள்ளையை மடியில் வாங்கினாள். ஐந்தாம் மாதம் சென்னையில் இதய அறுவை நடந்தது, பிள்ளை தேறிவிட்டது. அக்கா அவளை விட்டு இப்போது நகர்வதில்லை என்கிறார்கள். அதைக் கொண்டு தங்கை எடுத்த முடிவு சரி என்று நிரூபிக்கக் கூடாது. பிள்ளை அறுவை மேசையில் இறந்திருந்தாலும், அக்கா வேண்டாவெறுப்பாகவே வளர்த்திருந்தாலும், தங்கையின் முடிவு அன்றைக்கு அவளுடையதுதான்.

சகலைகள் பேசிக்கொள்கிறார்கள். அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. தங்கையின் கணவர் வண்டியை விற்று ஒன்றரை லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது ஆலையில் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். தங்கைக்குத் தழும்பு இருந்த இடத்தில் குடலிறக்கம் வந்திருக்கிறது. 36 மாதக் காப்பீடு இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. பாலிசிக் காகிதம் அக்கா வீட்டில் இருக்கிறது, கேட்க மனம் வரவில்லை. பிள்ளையைக் கொடுத்த பிறகு சுமந்தவளை யாரும் நோயாளியாக நினைப்பதில்லை. ஆலோசகர் ஒருவர் நடுவில் இருந்திருந்தால் அந்தக் காகிதம் என்றைக்கோ அவள் கைக்கு வந்திருக்கும்.

திருப்பிப் போட்டால்

வகுப்பில் கடைசியில் நிகழ்வைத் திருப்பிப் போட்டுக் கேட்பேன். பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை, அக்காவுக்கு அது வேண்டும், தங்கைக்குத்தான் 14-ஆவது வாரத்தில் சுமக்க முடியவில்லை, மனம் உடைந்து கலைக்கக் கேட்கிறாள். இப்போது? இதுவரை தங்கை பக்கம் நின்றவர்களில் பலர் சட்டென்று அக்கா பக்கம் தாவுவார்கள். “ஒத்துக்கிட்டுத்தானே செஞ்சா” என்பார்கள். முத்திரைத் தாளில் இருந்ததும் அதே வாதம்தான். கருவை வைப்பதற்கு முன்பு வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது, வைத்த பிறகு என்ன என்பதற்கு 3-ஆவது பிரிவு கருக்கலைப்புச் சட்டத்தைக் காட்டுகிறது. உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான கேடு என்றால் அந்தச் சட்டத்தில் வழி உண்டு, இங்கேயும் அக்காவின் கையெழுத்துக்கு இடம் கிடையாது. அதிகார அமைப்பின் அனுமதி மட்டும் கூடுதலாக வேண்டும். தங்கை மறுத்தபோது அவள் உடம்பு அவளுடையது என்றவர்கள், அவள் கேட்கும்போதும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அக்காவை நினைத்தால் இது கசக்கிறது. ஆனாலும் என் பதில் அதுதான்.

இதில் கருவை வைப்பதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குறை தெரிந்தால் என்ன செய்வீர்கள், இரட்டையாக நின்றால், சுமப்பவருக்கு உயிராபத்து வந்தால், நடுவில் அவர் மனம் மாறினால், ரிசல்ட்டை யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளைத் தம்பதியிடமும் சுமப்பவரிடமும் தனித்தனி அறையில் கேட்டு, அவரவர் கைப்பட எழுதச் சொல்வது. சுமப்பவரின் அறையில் அவர் கணவரும் இருக்கக் கூடாது. அந்தப் பதில்கள் யாரையும் பின்னால் கட்டாது, கட்டவும் கூடாது. இரண்டு அறையின் பதில்களும் ஒத்துப்போகவில்லை என்றால் தேதியைத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். உறைய வைத்த கருவைப் பத்து ஆண்டு வரை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது.